பானை ஓட்டிலிருந்து வீட்டுக்கும் ஊருக்கும்: புதிய கற்கால மட்கலங்களைப் படிக்கும் முறை

புதிய கற்காலத்து மக்கள் தங்களைப் பற்றி ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. ஓர் அடுப்பைச் சுற்றி எத்தனை பேர் உண்டார்கள், தானியம் யாருடைய பொறுப்பில் இருந்தது, வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் யார், ஊர் முழுவதும் கூடிய நாளில் என்ன சமைத்தார்கள் என்ற கேள்விகளுக்கு விடை தேடும்போது, நம் கைக்கு மிகுதியாகக் கிடைக்கும் சான்று உடைந்த பானை ஓடுகளே. மரமும் தோலும் கூடையும் மக்கிப் போகின்றன. ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு முறை வெந்துவிட்ட களிமண் மீண்டும் குழைவதில்லை, மக்குவதும் இல்லை. அகழாய்வுக் களத்திலோ அருங்காட்சியகத்திலோ ஓடுகளைக் கையாளத் தொடங்கும் மாணவர்களுக்கும், அகழாய்வு அறிக்கைகளைக் கவனமாகப் படிக்க விரும்புபவர்களுக்கும் பயன்படும் வகையில் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

படிக்கும் வரிசை முக்கியமானது. முதலில் ஓடு, பிறகு அந்த ஓடு இருந்த கலம், பிறகு கலம் இருந்த வீடு, அதன் பிறகே ஊர். இந்தத் துறையில் காலங்காலமாக நேர்ந்துவரும் பிழைகளில் பெரும்பாலானவை, ஓட்டின் மேலுள்ள ஒரு கோலத்தைப் பார்த்தவுடன் இடையிலுள்ள இரண்டு படிகளையும் தாண்டி, ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரையே சொல்லிவிடுவதால் விளைந்தவை.

கையில் எடுப்பதற்கு முன்

பானையும் வேளாண்மையும் எல்லா இடத்திலும் ஒன்றாகப் பிறக்கவில்லை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். சீனாவின் ஜியாங்சி மாநிலத்திலுள்ள சியான்ரென்டோங் குகையில் கிடைத்த ஓடுகள் ஏறத்தாழ 20,000 ஆண்டுகள் பழமையானவை. அவற்றைச் செய்தவர்கள் வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழ்ந்தவர்கள். மறுபுறம், தொல்லியலாளர் கேத்லீன் கென்யன் 1952 முதல் 1958 வரை அகழ்ந்த, பாலஸ்தீனத்திலுள்ள எரிகோவில் மதிலும் கல்கோபுரமும் எழுந்த பிறகும் நெடுங்காலம் மட்கலம் இல்லை. பலூசிஸ்தானத்து மெஹர்கரிலும் தொடக்கக் கால மக்கள் மண்செங்கல் வீடுகளில் வாழ்ந்து பயிர் செய்தும் ஆடு மாடு வளர்த்தும் வந்தார்கள். பானை அங்கே பிறகுதான் வந்தது. ஆகவே ஓடு இல்லாத மண்ணடுக்கைக் கண்டால், அங்கே குடும்பமும் சமையலும் இல்லை என்று எண்ணாமல், பானைக்கு முன் அந்த வேலையைச் செய்தது எது என்று கேட்க வேண்டும். துருக்கியின் சாத்தல்ஹூயுக்கில் இதற்கு அழகான விடை கிடைக்கிறது: சுட்ட களிமண் உருண்டைகளை நெருப்பில் காய வைத்து, அந்த வெப்பத்தைக் கொண்டு உணவைச் சமைத்திருக்கிறார்கள். மெல்லிய சுவருடைய சமையல் பானைகள் கி.மு. 6500 வாக்கில் பரவிய பிறகு அந்த உருண்டைகள் குறைந்துபோகின்றன. உருண்டையைப் பலமுறை காய்ச்சி மாற்றிக்கொண்டிருக்கும் வேலையில் ஒருவர் அருகிலேயே நிற்க வேண்டும். அடுப்பில் ஏற்றிய பானையோ சற்று நேரம் தானாக வேகும். வீட்டு வேலையின் நேரக்கணக்கே இதனால் மாறியிருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுவது எனக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுகிறது.

அடுத்தது, ஓடு கிடந்த இடம். எந்தக் குழியில், எந்த அடுக்கில், தரையின் மேலா, தரைக்கு அடியிலா, குப்பைக் குழியிலா என்ற குறிப்பு இல்லாத ஓடு ஏறக்குறைய பாதிச் சான்றை இழந்துவிட்டது. அதனால்தான் தொல்லியல் மேடுகளில் மேற்பரப்பில் கிடக்கும் ஓடுகளை உரிய அனுமதியின்றி யாரும் எடுத்து வரக் கூடாது. இடக்குறிப்பு இருந்தாலும் அதை நம்புவதற்கு முன் ஒரு கேள்வி உண்டு. அகழாய்வில் கிடைக்கும் ஓடுகளில் மிகப் பெரும்பாலானவை எறியப்பட்ட குப்பை. சாத்தல்ஹூயுக் வீடுகளை மக்கள் கைவிடும்போது தரையைத் துப்புரவாகப் பெருக்கி, பிறகு சுவர்களை இடித்து மண்ணிட்டு நிரப்பினார்கள். அந்த நிரப்பு மண்ணிலுள்ள ஓடு அந்த வீட்டாருடையதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எதிர்பாராத தீயில் எரிந்த வீடுகள்தாம் பொருள்களை அவை இருந்த இடத்திலேயே காட்டும். சிரியாவின் தெல் சபி அபியத்தில் கி.மு. 6000 வாக்கில் எரிந்துபோன ஊர்ப்பகுதி, அடைசலான சிறு அறைகளில் சேமிப்புப் பொருள்களும் முத்திரை பதித்த களிமண் கட்டிகளும் இருந்தபடியே கிடைத்ததால்தான் அத்தனை மதிப்பு பெறுகிறது.

ஓட்டைப் படித்தல்

கழுவுவதற்கு முன்பே, எவற்றைக் கழுவக் கூடாது என்று முடிவு செய்யுங்கள். உட்புறத்தில் கருகிய படிவு ஒட்டியிருக்கும் ஓடுகளையும், கொழுப்பு எச்ச ஆய்வுக்கு அனுப்பக்கூடிய வாய்ப்பகுதி ஓடுகளையும் கையுறையுடன் எடுத்து, அலுமினியத் தாளில் சுற்றித் தனியே வைக்க வேண்டும். விரலிலுள்ள எண்ணெயும் நெகிழிப் பையிலிருந்து கசியும் வேதிப்பொருள்களும் ஆய்வைக் கெடுத்துவிடும். மற்றவற்றை மென்மையான தூரிகையால் நீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றிலும் அடுக்கு எண்ணைக் குறித்துவிடலாம்.

உடைந்த முகப்பே ஓட்டின் மிகவும் பேசும் பகுதி. பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லையால் அதைப் பாருங்கள். களிமண்ணோடு வேண்டுமென்றே சேர்த்த பொருள் எது என்பதே முதற்கேள்வி. வைக்கோல், உமி, சாணம் ஆகியவை சேர்க்கப்பட்டிருந்தால் அவை சூட்டில் எரிந்துபோய் நீண்ட வெற்றிடங்களை விட்டிருக்கும். மணலோ இடித்த பாறையோ சேர்க்கப்பட்டிருந்தால் மின்னும் அல்லது கூர்மையான துகள்கள் தெரியும். இந்தச் சேர்மானம் பானை உலரும்போது வெடிக்காமல் காக்கிறது, நெருப்பில் திடீரென்று சூடேறும்போது விரிசல் பரவாமல் தடுக்கிறது. தாவரப் பொருள் கலந்த தடித்த கலம் எடை குறைவானது, ஆனால் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். கனிமத் துகள் கலந்த மெல்லிய கலமே கொதிக்க வைப்பதற்கு ஏற்றது. சாத்தல்ஹூயுக்கில் முன்பு சொன்ன மாற்றம் நடந்தபோது சேர்மானமும் தாவரத்திலிருந்து கனிமத்துக்கு மாறியது என்பதால், உடைந்த முகப்பைப் பார்த்த மாத்திரத்தில் சமையல் முறையின் மாற்றத்தையே நாம் தொட்டுவிடுகிறோம்.

கலம் எப்படி வனையப்பட்டது என்பதற்கும் இதே முகப்பு விடை சொல்லும். களிமண் திரிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி எழுப்பிய கலம் பெரும்பாலும் திரிகள் கூடும் இடத்திலேயே கிடைமட்டமாக உடையும். உட்சுவரில் விரலை மேலிருந்து கீழாக ஓட்டினால் மெல்லிய அலைகள் தட்டுப்படும். உட்புறத்தில் ஒரு கல்லை அணையாகப் பிடித்து வெளிப்புறத்தில் பலகையால் தட்டி மெலிதாக்கிய கலத்தின் உட்சுவரில் ஆழமில்லாத வட்டக் குழிவுகள் இருக்கும். அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்க்கத் தவறாதீர்கள். காஷ்மீரின் புர்சஹோமில், குழிவீடுகளில் வாழ்ந்தவர்கள் செய்த கரடுமுரடான சாம்பல் நிறக் கலங்களின் அடியில் பாயின் பின்னல் பதிந்திருக்கிறது. ஈரமான பானையைப் பாயின்மேல் வைத்து வனைந்ததால் ஏற்பட்ட அந்தத் தடத்தில், மக்கி மறைந்துபோன பாய் பின்னும் தொழிலும் நமக்குக் கிடைத்துவிடுகிறது. சுவர் முழுவதும் இடைவிடாத மெல்லிய இணைகோடுகள் சுற்றி ஓடினால் அது வேகமாகச் சுழலும் சக்கரத்தின் அடையாளம். புதிய கற்கால அடுக்கில் அப்படி ஒன்று கிடைத்தால், பிற்கால ஓடு எலிவளை வழியாகவோ குழி தோண்டலிலோ கீழே இறங்கியதா, வேற்றிடத்திலிருந்து வந்ததா என்று சரிபார்க்க வேண்டும்.

முகப்பின் நிறம் சூட்டைச் சொல்லும். இருபுறமும் சிவந்து நடுவே கறுத்திருந்தால், களிமண்ணிலிருந்த கரிமப் பொருள் முழுவதும் எரிவதற்குள் நெருப்பு அடங்கிவிட்டது என்று பொருள். விறகையும் சாணத்தையும் அடுக்கித் திறந்த வெளியில் சுடும்போது இது இயல்பு. அத்தகைய சூட்டில் வெப்பம் பெரும்பாலும் 600 முதல் 900 பாகை வரை ஏறி விரைவில் இறங்கிவிடும். மேற்பரப்பு மின்னினால், பாதி உலர்ந்த நிலையில் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். தென்னிந்தியப் புதிய கற்காலத்தின் அடையாளமான, கர்நாடகத்தின் பிரம்மகிரியிலும் தமிழ்நாட்டின் பையம்பள்ளியிலும் கிடைக்கும் சாம்பல் நிறக் கலங்களில் இந்த மெருகைக் காணலாம். அழகு ஒரு காரணம். நீர் கசிவதை அது குறைக்கிறது என்பது இன்னொரு காரணம்.

சில ஓடுகளில் வனைந்தவரின் விரல்ரேகை பதிந்திருக்கும். ரேகை மேடுகளின் அகலம் வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப வேறுபடுவதால் அதை அளந்து மதிப்பிட முடிகிறது. புதிய கற்காலத்தில் பானை செய்தவர்கள் பெண்களே என்று பல நூல்கள் சான்று காட்டாமல் எழுதிச் செல்கின்றன. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவிலுள்ள நெஸ் ஆஃப் பிராட்கரில் ஓர் ஓட்டில் இருந்த ரேகைகளை ஆராய்ந்தபோது அவை இளம் ஆண்கள் இருவருடையவை என்ற முடிவு கிடைத்தது. ஓர் ஓடு ஒரு சமூகத்தின் வழக்கத்தை நிறுவாது என்றாலும், சான்றில்லாத பொதுக்கூற்றை நிறுத்தி வைக்க அது போதும்.

ஓட்டிலிருந்து கலத்துக்கு

வாய்விளிம்பு ஓடு கிடைத்தால் கலத்தின் வாய் அகலத்தைக் கணக்கிடலாம். ஒரு தாளில் ஒரே மையத்திலிருந்து ஒரு செ.மீ. இடைவெளியில் பல வட்டங்களை வரைந்து, விளிம்பைத் தாளின்மேல் முழுவதும் படியுமாறு கவிழ்த்து, எந்த வட்டத்தின் வளைவோடு அது பொருந்துகிறது என்று பாருங்கள். அந்த வட்டத்தில் எத்தனை விழுக்காடு ஓட்டில் எஞ்சியிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பானை நூறு துண்டாகவும் உடையும், பத்துத் துண்டாகவும் உடையும் என்பதால் ஓடுகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கலங்களை ஒப்பிட முடியாது; எடையையும் விளிம்பு விழுக்காட்டின் கூட்டுத்தொகையையும் சேர்த்துப் பார்ப்பதே நம்பத் தகுந்தது. விளிம்பு ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தால் கிடைக்கும் அகலத்தை நம்ப வேண்டாம்.

பக்கத்தோற்றம் முழுவதும் கிடைத்த கலமாக இருந்தால் கொள்ளளவையும் கணக்கிடலாம். வரைபடத்தில் உட்சுவரை 2 செ.மீ. உயரமுள்ள வில்லைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வில்லையின் ஆரத்தையும் அளந்து, வட்டப் பரப்பை உயரத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும். ஆரம் 10 செ.மீ. உள்ள ஒரு வில்லை ஏறத்தாழ 628 கன செ.மீ.; 1000 கன செ.மீ. ஒரு லிட்டர். ஓர் அகழாய்வுத் தளத்தின் கலங்கள் எல்லாவற்றுக்கும் இப்படிக் கணக்கிட்டு வரிசைப்படுத்தினால், பல நேரங்களில் அவை சிறியவை, நடுத்தரமானவை, மிகப் பெரியவை என்று தாமே பிரிந்து நிற்கும். அந்தப் பிரிவே ஒருவர் உண்ணும் கிண்ணத்தையும், வீட்டுக்குச் சமைக்கும் பானையையும், சேமிப்புத் தாழியையும் அடையாளம் காட்டத் தொடங்குகிறது. ஆனால் லிட்டரைக் கொண்டு குடும்பத்தில் இத்தனை பேர் என்று எண் சொல்லிவிடாதீர்கள். ஒரு வேளைக்குச் சமைத்தார்களா, இரண்டு வேளைக்கா என்பதைக் கொள்ளளவு சொல்லாது.

பயன்பாட்டின் தடங்கள் வடிவத்தைவிட நேர்மையானவை. வெளிச்சுவரில் கரி எங்கே படிந்திருக்கிறது, அடிப்பாகம் கரியின்றிச் சிவந்திருக்கிறதா என்பதைக் கொண்டு பானை தணலின்மேல் நேராக இருந்ததா, சுடருக்கு மேலே உயர்ந்து நின்றதா என்று அறியலாம். உட்சுவரில் ஒரே மட்டத்தில் கருகிய வளையம் இருந்தால் நீர்த்த உணவு கொதித்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் சுவரின் நுண்துளைகளில் ஊறிய கொழுப்பு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அழியாமல் இருக்கிறது. இந்த ஆய்வு முறையை வளர்த்தவர்களில் முதன்மையானவர் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் எவர்ஷெட். போலந்தில் 7,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட துளையிட்ட ஓடுகள் பல கிடைத்திருந்தன. அவை பால் தயிரை வடிகட்டிப் பாலாடைக்கட்டி செய்யப் பயன்பட்டிருக்கலாம் என்ற கருத்து நெடுநாள் வெறும் ஊகமாக இருந்தது. 2012இல் அந்த ஓடுகளில் பால் கொழுப்பு உறுதியானபோது அது நிறுவப்பட்டது. அன்றைய ஐரோப்பியப் பெரியவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிக்காது; பாலாடைக்கட்டியில் அந்தச் சர்க்கரை குறைவு. ஒரு துளையிட்ட கலம் ஒரு வீட்டின் உணவுப் பிரச்சினையைத் தீர்த்திருக்கிறது என்பதை இந்த ஆய்வு காட்டுகிறது.

கலத்திலிருந்து வீட்டுக்கு

இப்போது வீட்டின் தரைப்படத்தை விரித்து, தரையின்மேல் கிடைத்த கலங்களை மட்டும் அதில் குறியுங்கள். அடுப்பு, குதிர், திண்ணை, நுழைவாயில் ஆகியவற்றிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று பாருங்கள். சாத்தல்ஹூயுக்கில் கூரை வழியாக ஏணியில் இறங்கினால் கீழே அடுப்பு. தானியக் குதிர்கள் பக்கத்துச் சிற்றறையில், விருந்தினர் கண்ணில் எளிதில் படாத இடத்தில் இருந்தன. ஒவ்வொரு வீடும் தன் தானியத்தைத் தானே வைத்துக்கொண்டது என்பதற்கு இது வலுவான சான்று. ஆர்க்னியின் ஸ்காரா பிரே வீடுகளில் இதற்கு மாறாக, நடுவே அடுப்பும், வாயிலுக்கு நேர் எதிரே கல்லால் அமைத்த அடுக்குத்தட்டும் உள்ளன. அந்தத் தட்டில் வைத்தது எதுவானாலும் உள்ளே வருபவர் முதலில் காண்பது அதுவாகத்தான் இருந்திருக்கும்.

கலத்தைச் சமையலோடு மட்டும் இணைத்துப் பார்க்கும் பழக்கத்தை இங்கே விட வேண்டும். சீனாவின் பான்போவில் இறந்த குழந்தைகளைத் தாழியில் இட்டு, கிண்ணத்தால் மூடி, வீடுகளுக்கு அருகிலேயே புதைத்தார்கள். பெரியவர்களுக்குத் தனி இடுகாடு இருந்தது. தென்னிந்தியப் புதிய கற்கால ஊர்கள் பலவற்றிலும் குழந்தைகள் தாழிகளில் வைத்து வாழிடத்துக்குள்ளேயே புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.

ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள் இரத்த உறவினர் என்று முன்கூட்டியே கொள்வதும் ஆபத்தானது. சாத்தல்ஹூயுக்கில் ஒரே வீட்டுத் தரையின் கீழ் புதைக்கப்பட்டவர்களின் பற்களை ஒப்பிட்டு 2011இல் வெளியான ஆய்வு, அவர்களிடையே நெருங்கிய உறவு பெரிதாக இல்லை என்றது. 2025இல் வெளியான மரபணு ஆய்வு, உறவு இருந்த இடங்களில் அது பெரும்பாலும் தாய்வழியாக இணைந்திருப்பதைக் காட்டியது. ஒரு வீட்டுப் பானையில் உண்டவர்கள் ஒரு வீட்டார்; அவர்கள் எப்படி உறவானார்கள் என்பதைப் பானை சொல்லாது, எலும்பு சொல்லலாம்.

வீட்டிலிருந்து ஊருக்கு

ஊர் அளவில் முதலில் கேட்க வேண்டியது, பானையை ஒவ்வொரு வீடும் செய்துகொண்டதா, சிலர் எல்லாருக்கும் செய்தார்களா என்பதே. வீட்டுக்கு வீடு சேர்மானம் வேறுபட்டால் முதலாவது. ஊர் முழுவதும் ஒரே கலவை, ஒரே அளவு, சூளைகள் ஓரிடத்தில் குவிந்திருத்தல் என்றால் இரண்டாவது. பான்போவில் வீடுகளைச் சுற்றி ஓர் அகழி ஓட, சூளைகள் அதற்கு வெளியே இருந்தன. தீயிலிருந்து வீடுகளைக் காக்கவும் அப்படிச் செய்திருக்கலாம், ஆகவே அந்த இட ஒதுக்கீட்டை மட்டும் வைத்துக் குயவர் என்ற தனிப் பிரிவைக் கண்டுவிட முடியாது.

அடுத்து, கூடி உண்டதன் தடத்தைத் தேடுங்கள். ஸ்டோன்ஹெஞ்சுக்கு அருகிலுள்ள டரிங்டன் வால்ஸில், கி.மு. 2500 வாக்கில் பயன்பட்ட கலங்களின் கொழுப்பை ஆராய்ந்தபோது, குடியிருப்புப் பகுதிப் பானைகளில் பன்றி, மாடு, பால் ஆகிய எல்லாம் இருந்தன. சடங்கு வெளியில் கிடைத்தவற்றில் பாலே மிகுந்திருந்தது. வெளித்தோற்றத்தில் ஒரே வகைக் கலங்கள், இடத்துக்கு ஏற்ப வேறு உணவு. கொழுப்பையும் இடத்தையும் ஒன்றுசேர்த்துப் பார்க்காதிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

ஓடுகள் கிடைக்காத பொதுவெளிகளையும் படத்தில் சேர்க்க வேண்டும். பல்லாரிக்கு அருகிலுள்ள சங்கனகல்லு மலைகளில் திறந்த வெளிப் பாறைகளில் அரைத்த குழிகள் ஏராளம்; தானியம் அரைத்தல் வீட்டுக்குள் ஒடுங்காமல், பலர் சேர்ந்திருந்த இடத்தில் நடந்திருக்கிறது. தெலங்கானாவின் உட்னூரில் தொல்லியலாளர் ஆல்ச்சின் 1957இல் அகழ்ந்த சாம்பல்மேடு, மாட்டுத் தொழுவத்தின் சாணம் மீண்டும் மீண்டும் எரிந்ததால் உருவானது. மாட்டுக் குளம்புகளின் தடங்களும் அங்கே கிடைத்தன. மந்தையைக் காப்பதும் அந்தப் பெருந்தீயை மூட்டுவதும் ஒரு குடும்பத்தால் ஆகும் வேலைகள் அல்ல.

இறுதியாக, ஒரே மாதிரிப் பானை ஒரே இனம் என்ற முடிவுக்கு விரைய வேண்டாம். கி.மு. 5500 வாக்கில் மத்திய ஐரோப்பாவில் பரவிய, வரிக்கோலம் இட்ட கலங்களைப் பயன்படுத்திய உழவர்களின் பற்களிலுள்ள, வளர்ந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தை ஆராய்ந்து 2012இல் வெளியான முடிவு, ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாக வேற்றிடத்தில் பிறந்து வந்தவர்கள் என்றது. ஓர் ஊரில் சற்று மாறுபட்ட கோலம் தென்பட்டால், படையெடுப்பை நினைப்பதற்கு முன் மணமாகி வந்த ஒருவரின் கைப்பழக்கத்தை நினைத்துப் பார்க்கலாம். வணிகமும் காரணமாகலாம்: புர்சஹோமில் கிடைத்த ஒரு பானையில் 950 மணிகள் இருந்தன, அவை கார்னீலியன், அகேட் ஆகிய கற்களால் ஆனவை. சற்றுப் பிற்காலத்து ஐரோப்பாவின் மணிவடிவக் குவளைகளைப் பற்றி 2018இல் வெளியான மரபணு ஆய்வு இன்னும் தெளிவாக எச்சரிக்கிறது: அதே குவளை பிரிட்டனுக்குப் பெருமளவு புதிய மக்களோடு சென்றது, ஐபீரியாவுக்கும் (இன்றைய ஸ்பெயின், போர்ச்சுகல்) மத்திய ஐரோப்பாவுக்கும் இடையே மக்கள் அதிகம் நகராமலேயே வழக்கமாகப் பரவியது.

பயிற்சிக்கு, வீட்டுத் தரைப்படமும் கலங்களின் வரைபடங்களும் உள்ள ஓர் அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். சாத்தல்ஹூயுக் ஆய்வுத் திட்டத்தின் ஆண்டறிக்கைகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரே ஒரு வீட்டைத் தேர்ந்து, கண்டது, அளந்தது, ஊகித்தது என்று மூன்று பத்திகளைத் தனித்தனியே எழுதுங்கள். ஊகித்தவை ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதே ஓட்டை வேறு எப்படி விளக்கலாம் என்று ஒரு வரியும், அந்த இரண்டில் எது சரி என்று முடிவு செய்ய இன்னும் என்ன ஆய்வு வேண்டும் என்று ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள்.